மருந்து அடிப்பதற்கு முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரத்தில், படிவம் மூன்று மாணவி ஒருத்தி காய்ந்த கிளை ஒன்றை நெகிழிப் பையில் போட்டு அறிவியல் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். "சார், இதுக்கு என்ன மருந்து அடிக்கணும்னு தாத்தா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

கிளை 'ரெட் லிப்' மரத்தினுடையது. துளிர் சிவப்பாக வருவதால் அந்தப் பெயர். பாலிக் புலாவில் புதிதாக எழும்பும் தாமான்களில், அடுத்த வீட்டார் பார்வை உள்ளே விழாமல் இருக்க வேலியோரம் நெருக்கமாக நடுகிறார்களே, அதே மரம்தான். நாவல் மரமும், நம் மலைச்சரிவில் விளையும் கிராம்பும் இதன் பேரினமான சிசிஜியத்தைச் சேர்ந்தவை.

"வரிசையில் எந்த மரங்கள் காய்கின்றன? நுனியிலிருந்தா, அடியிலிருந்தா? எப்போது தொடங்கியது?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. காய்ந்த இலையை மட்டும் பார்த்து மருந்து சொல்வது, நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு அவருடைய கைக்குட்டையை மட்டும் கிளினிக்கில் காட்டுவது போன்றது. தண்ணீர் விடுவதை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை நேரில் போனேன்.

மொத்தம் பன்னிரண்டு மரங்கள். ஒரு மூலையிலிருந்து ஐந்து மரங்கள் பழுப்பேறியிருந்தன. மூலைக்கு நெருங்க நெருங்கக் காய்ச்சல் அதிகம். தாத்தா அதற்குள் இரண்டு முறை பூச்சி மருந்து அடித்துவிட்டார். காலையும் மாலையும் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார். அது மட்டுமா, அடுத்த வீட்டுக்காரர் புல்லுக்கு அடித்த களைக்கொல்லிதான் காரணம் என்று முடிவு செய்து, இரண்டு மாதமாக அவரோடு பேச்சையும் நிறுத்திவிட்டார்!

மாணவர்களே, படிவம் ஒன்றிலேயே அறிவியல் ஆய்வுமுறையைப் படித்துவிடுகிறீர்கள். கருதுகோள் என்றால் என்ன என்று கேட்டால் ஒப்பிப்பீர்கள். ஆனால் வீட்டில் ஒரு மரம் காய்ந்தால், கருதுகோளைச் சோதிக்காமல் நேராகக் கடைக்குப் போகிறோம். இதில் ஆசிரியர்களாகிய எங்கள் தவறும் உண்டு. தேர்வுத் தாளுக்கு வெளியே அந்தச் சொல்லைப் பயன்படுத்த நாங்கள் கற்றுத் தருவதில்லை.

தாத்தாவின் களைக்கொல்லிக் கருதுகோளைப் பாருங்கள். அது உண்மையென்றால் காய்ந்த மரங்களின் அடியில் உள்ள புல்லும் செத்திருக்க வேண்டும். புல்லோ கணுக்கால் வரை செழித்து நின்றது. பூச்சி என்றால் தடயம் இருக்க வேண்டும். கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினோம். சிலந்திப்பேன் இருந்தால் ஊசிமுனை அளவில் புள்ளிகள் ஊர்ந்திருக்கும். ஒன்றும் விழவில்லை. செதிற்பூச்சி இருந்தால் வரும் கரும்பூசணமும், அதைத் தேடிவரும் எறும்பு வரிசையும் இல்லை. (பசுமை மாறா மரமும் இலை உதிர்க்கும். உள்பக்கத்துப் பழைய இலைகள் மஞ்சளாகி விழுவதைக் கண்டு யாரும் பதற வேண்டாம். இங்கே காய்ந்திருந்தது நுனி இலைகளும் சேர்த்து.)

பிறகுதான் மண்வெட்டி. மூலையில் ஓரடி தோண்டினோம். மூன்று நாள் மழை இல்லை, குழாயும் மூடியிருந்தது. ஆனாலும் குழியில் தண்ணீர் ஊறி நின்றது. அந்தத் தாமான் பழைய வயல்நிலம், அடியில் களிமண். வீட்டின் முன்பக்கம் சிமெண்டு போட்டபோது மழைநீர் முழுவதும் அந்த மூலைக்கே ஓடும்படி சரிவு விழுந்துவிட்டது. போதாக்குறைக்கு, நட்டவர்கள் கறுப்புப் பாலிபேக்கை முழுதும் கிழிக்காமல், தண்டின் அடிப்பகுதி நாலு விரல் புதையும்படி நட்டிருந்தார்கள். வேரை இழுத்தால் தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது. உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிச்சம். அழுகல் வாடை.

வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்சிஜன். அந்த இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பினால், ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. மூச்சுத் திணறும் வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே தண்ணீரில் நிற்கும் மரம், தண்ணீர் கிடைக்காத மரத்தைப் போலவே வாடும். அதைப் பார்த்து நாம் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம்! டுரியான் தோட்டக்காரர்கள் அஞ்சும் பைட்டோப்தோரா நுண்ணுயிரியும் இத்தகைய ஈரத்தில்தான் பெருகும். அதன் வித்துகள் மண்நீரில் நீந்திப் போகக் கூடியவை. இந்த வேர்களில் அது இருந்ததா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். எதுவானாலும், இலைமேல் அடித்த பூச்சி மருந்து வேரழுகலை ஒன்றும் செய்திருக்காது.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூச்சியே காரணமாக இருக்கும் வேலிகளும் உண்டு. 1986இல் மலாவியிலும், 1990இல் கென்யாவிலும் சைப்ரஸ் மரங்கள் பழுப்பேறிக் காயத் தொடங்கின. கென்யாவில் வீட்டு வேலியாக நிற்பதும் அதே சைப்ரஸ்தான். சாற்றை உறிஞ்சும் ஓர் அசுவினிதான் காரணம் என்று கண்டறிந்தார்கள். அது எந்த அசுவினி, எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகே, அதன் உடலில் முட்டையிடும் சிறு குளவியை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து 1990களில் விட முடிந்தது. நம் பினாங்கின் கதை வேறு. 1860 வாக்கில் இங்கேயும் சிங்கப்பூரிலும் சாதிக்காய்த் தோட்டங்கள் நோயால் அழிந்தன. காரணம் இதுதான் என்று அன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தோட்டங்களைக் காப்பாற்றவும் முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் கெலுலுட் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். தாத்தா மருந்து அடித்த பிறகு ஒரு பெட்டியில் நடமாட்டம் குறைந்துவிட்டது என்கிறார். மருந்தால்தானா என்று என்னால் சொல்ல முடியாது, யாரும் சோதிக்கவில்லை. ஆனால் தேவையில்லாமல் அடித்த மருந்து அது என்பது மட்டும் உறுதி.

மூலையிலிருந்து வெளிக்கால்வாய்க்கு ஒரு வாய்க்கால் வெட்டினோம். பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்ததில், மூன்று மரங்களில் அடிவரை பழுப்பு, அவற்றைப் பிடுங்கியாயிற்று. அந்த இடத்தில் மேடு கட்டி மூன்று வெவ்வேறு செடிகள் வைக்கலாம் என்றேன். ஒரே இனத்தை ஒரே வரிசையில் நட்டால், ஒன்றுக்கு வருவது எல்லாவற்றுக்கும் வரும். தாத்தாவுக்கு அதில் விருப்பமில்லை, வேலி ஒரே சீராக இருக்க வேண்டுமாம். பேத்தி செம்பருத்தி கேட்டிருக்கிறாள்.

மீதி இரண்டில் ஒன்று துளிர்த்துவிட்டது. மற்றதன் தண்டில், தரையிலிருந்து ஒரு முழம் வரை சுரண்டினால் இன்னும் பச்சை தெரிகிறது. வாரம் ஒருமுறை அவள் அளந்து குறித்துக்கொண்டு வருகிறாள். பிடுங்கச் சொல்லி நான் இன்னும் சொல்லவில்லை.