சர்க்கஸ் சிங்கங்கள் எங்கே போயின?

குறிஞ்சியின் கருப்பொருள்களை வகுப்பில் நடத்தும்போது புலியைப் பற்றிச் சற்று உரக்கவே பேசிவிடுவது நம் வழக்கம். சென்ற பருவத்தில் அப்படிப் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு மாணவர் எழுந்து, "சர்க்கஸில இருந்த சிங்கம், புலியெல்லாம் எங்கே ஐயா போச்சு?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை.

கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாதென்று மத்திய அரசு 1998-இல் ஆணையிட்டது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்காடினர். 2000-இல் கேரள உயர்நீதிமன்றமும், 2001-இல் உச்சநீதிமன்றமும் ஆணையை உறுதிசெய்தன. பின்னர் அவ்விலங்குகள் வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னர்கட்டா முதலிய இடங்களின் மீட்பு மையங்களுக்கு வந்து சேர்ந்தன.

காட்டில் விட்டிருக்கலாமே என்பர் சிலர். கூண்டில் பிறந்த விலங்கு வேட்டையைக் கற்றதில்லை. மனிதரைக் கண்டு ஒதுங்கவும் அறியாது. சிங்கங்களுக்கு மற்றொரு தடையும் இருந்தது. அவற்றுள் பல ஆசிய, ஆப்பிரிக்க இனங்களின் கலப்பில் பிறந்தவை. கிர் காட்டில் எஞ்சியுள்ள ஆசியச் சிங்கத்தின் மரபோடு அவை கலந்துவிடலாகாது. ஆகவே அவற்றின் இனப்பெருக்கம் நிறுத்தப்பட்டது. பல் தேய்ந்த விலங்குக்கு எலும்பு நீக்கிய இறைச்சி, ஊசி போடுவதற்கென நகரும் சுவர் வைத்த கூண்டு, வெயிலுக்கு நிழல், நாள்தோறும் தொட்டி கழுவி நிரப்பும் தண்ணீர் என்று அவற்றின் எஞ்சிய காலம் கழிந்தது. பெரும்பாலானவை முதுமையெய்தி மறைந்துவிட்டன.

சந்ததியும் இல்லை, காட்சிப் பயனும் இல்லை. இவற்றுக்கு ஏன் பொதுப்பணம் என்ற கேள்வியைப் படித்தவர்களிடமிருந்தே கேட்டிருக்கிறோம். நாம் அதற்கு உடன்படவில்லை. அந்தக் கூடாரங்களில் சீட்டு வாங்கி அமர்ந்து கைதட்டியவர்கள் நாம். இதை ஈகை என்று சொல்லிக்கொள்ள நமக்குத் தகுதியில்லை. பட்ட கடனைத் திருப்புகிறோம், அவ்வளவே.

கடன் இன்னும் தீரவில்லை என்பதற்கு டி23 புலியே சான்று. கூடலூர், மசினகுடிப் பகுதியில் மனிதர்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட அப்புலி, பல நாள் தேடலுக்குப் பின் 2021 அக்டோபரில் உயிருடன் பிடிக்கப்பட்டு, மைசூரை அடுத்த கூர்கள்ளி மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தேடிய நாள்களில் நாளிதழைப் பிரித்ததும் அந்தச் செய்தியைத்தான் முதலில் படித்தோம். பிடிபட்ட பின் அதன் காயம் ஆறியதா, இரை எடுத்ததா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? உறவினரை இழந்த குடும்பங்களின் அச்சம் நியாயமானது. அதற்காகவே புலி காட்டைவிட்டு அகற்றப்பட்டது. அதன் மிச்ச வாழ்நாள் முழுவதும் நம் பொறுப்பில் வந்ததும் அன்றுதான்.

பிடிபட்ட விலங்குகள் பின்னர் எவ்வாறு இருக்கின்றன என்பதை வனத்துறையினர் ஆண்டுக்கொருமுறை எளிய தமிழில் வெளியிட்டால் நன்று. வெளியிடும்படி கேட்பது நம் கடமை. அந்த மாணவருக்கு அடுத்த வகுப்பில் விடை சொன்னோம். அவர் மறுபடியும் கேட்டார்: "இப்ப அங்க என்ன இருக்குங்க ஐயா?"