பூமியில் இடும் துளை

பூமியின் உஷ்ணத்தை எடுத்துக் கட்டடங்களைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளும் முறையில் புகையுமில்லை, சாம்பலுமில்லை. ஆதலால் அதனால் எவ்விதக் கேடும் நேராது என்னும் நம்பிக்கை ஐரோப்பிய நகரங்களில் வெகுவாக வேரூன்றியிருக்கிறது. பூமிக்குள் இறக்கிய குழாய்க்குள் சுற்றிவரும் திரவம் வெளியே வருவதில்லை, நாம் எடுப்பது உஷ்ணமேயன்றி நீரன்று, நகர மக்கள் பருகும் நிலத்தடி நீருக்கு இதனால் என்ன பாதகம் என்று வாதிப்பவர்கள், குழாயைப் பற்றிச் சிந்தித்தார்களேயொழிய, அதை இறக்குவதற்காக இட்ட துளையைப் பற்றிச் சிந்தித்தாரில்லை.

வயலின் உரமும் சாலையின் எண்ணெயும் கலந்து ஊறும் மேல்நீரையும், ஆழத்தில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் நன்னீரையும் பல இடங்களில் இடைநின்று பிரிப்பது களிமண் அடுக்கே. துளைக்கருவி அந்த அடுக்கை ஊடுருவிய பிறகு, குழாய்க்கும் துளையின் சுவருக்கும் நடுவிலுள்ள வெளியை, சிமெண்டும் பெண்டோனைட் களிமண்ணும் கலந்த குழம்பால் அடிமுதல் முடிவரை வெற்றிடமின்றி நிரப்பினாலன்றி, அது இரு நீர்களும் கலப்பதற்கு நாமே வெட்டிக்கொடுத்த வாய்க்காலாகிவிடும்.

இது வெறும் அச்சமன்று. தென்மேற்கு ஜெர்மனியிலுள்ள ஸ்டௌஃபென் என்னும் சிற்றூரில், நகரசபைக் கட்டடத்தை வெப்பப்படுத்தும் பொருட்டு 2007-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 140 மீட்டர் ஆழத்துக்கு 7 துளைகள் இட்டார்கள். சரிவர அடைபடாத துளைகளின் வழியே கீழிருந்த நீர் அழுத்தத்தால் மேலேறி, அன்ஹைட்ரைட் பாறையை அடைந்தது. அப்பாறை நீரைக் குடித்து ஜிப்சமாக மாறிப் பருத்தது. ஊரின் நடுப்பகுதி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வீதம் உயர்ந்தது. பழமை வாய்ந்த நகரசபைக் கட்டடம் உட்பட 250-க்கும் மேற்பட்ட கட்டடங்களின் சுவர்கள் பிளந்தன. அங்கே குழாய் உடைந்ததால் கேடு விளையவில்லை. அதனுள்ளிருந்த திரவம் சிந்தியதாலும் விளையவில்லை. தெளிந்த நீர் தவறான இடத்துக்குச் சென்றதே அத்தனை நாசத்துக்கும் காரணம். தெளிந்த நீர் மேலேறிய வழியில் அசுத்த நீர் கீழிறங்காது என்று எவர் உறுதி கூற வல்லார்?

நிலத்தடியில் நீர் ஊர்ந்து குடிநீர்க் கிணற்றை அடைய 50 நாள் பிடிக்கும் எல்லைவரை ஜெர்மானியர் கடுங்காவல் வைத்திருப்பது போற்றத்தக்கதே. ஆயினும் அக்கணக்கு, நோய்க்கிருமிகள் மடிவதற்கு வேண்டிய காலத்தைக் கொண்டு வகுத்தது; உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டும் எண்ணெயும் கிருமிகளைப்போல் நாட்கணக்கில் மடிவனவல்ல. ஆகவே அந்த எல்லையோடு காவல் முடிந்துவிடுமென்று எண்ணுவது பேதைமை.

புவிவெப்பத்தை நான் வெறுப்பவனல்லேன். நிலக்கரியை விட்டொழிக்க விரும்பும் எவரும் அதை வெறுக்க நியாயமில்லை. ஆனால் குடிநீர்க் கிணறுகளுக்கு நீரூட்டும் பிரதேசம் முழுவதிலும் ஆழ்துளைகளை விலக்க வேண்டும். மற்ற இடங்களிலும் பாறையடுக்கை முன்னதாக ஆராய்ந்து, அடைப்பின் உறுதியைச் சோதித்து அறிந்த பிறகே அனுமதி தர வேண்டும். வெப்பத்துக்கு வேறு வழிகள் உண்டு. ஆழத்து நீர் ஒருமுறை கெட்டால், அதைத் தூய்மைப்படுத்த ஒரு தலைமுறைக் காலமும் போதாமற்போகலாம். அனுமதிப் பத்திரத்தில் கையொப்பமிடும் ஒவ்வொரு நகரசபையும் இதை மனத்திற்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது.