தாம்பாளத்துக்குள்ளே ஒரு கிராமம்

"செடி வைக்க இடம் எங்கே இருக்கு?" என்று அலுத்துக்கொள்ளாத சிநேகிதி எனக்கு இல்லை. மாம்பலத்தில் மாடிக் குடித்தனம் வந்த புதிதில் நானும் அப்படித்தான். எங்கள் பால்கனியின் அகலம் மூன்றே அடி. அதிலும் பாதி, துணிக் கொடிக்குப் போய்விட்டது.

மாமனாரின் வருஷ திதி முடிந்ததும், அத்தை கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். ஐம்பது வருஷம் மண்ணைக் கிளறிய கை; இங்கே அதற்கு வேலையில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீர்ந்ததே தவிர, அத்தை பேசவில்லை.

நவராத்திரிக்குப் பத்து நாள் இருந்தபோது, என் மகள் கொலுவுக்குப் 'பார்க்' வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பழைய தாம்பாளத்தில் மணலைப் பரப்பிக் கடுகைத் தூவினேன். தினமும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் வேறு! மூன்றாம் நாள் முளை வரவில்லை, நாற்றம்தான் வந்தது.

ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, விதைக்குத் தாகம் மட்டுந்தானா? மூச்சு விட வேண்டாமா?"

"நீங்களே வந்து செய்யுங்களேன், அத்தை."

"கொலுக் காரியத்துக்கு நான் எதுக்கும்மா?" என்று தயங்கினார். பேத்தி விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

அவர் செய்த விதம் இதுதான். தாம்பாளத்தின் அடியில் ஆணியால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. மணலும் செம்மண்ணும் சமமாகக் கலந்து ஓர் அங்குல உயரம். முதல் நாள் இரவே ஊறவைத்த கடுகையும் கேழ்வரகையும் தனித்தனியாகத் தூவி, மேலே மண்ணை லேசாகப் போர்த்தி, ஈரத்துணி மூடினார். கையால் தெளிக்கிற தண்ணீர் மட்டுமே. மூன்றாம் நாள் கடுகு முளைத்தது. துணியை எடுத்து வெளிச்சத்தில் வைத்தோம். கேழ்வரகு கொஞ்சம் தாமதம். ஆனால் வளர்ந்தபோது அசல் நெல் வயல்தான்!

அதற்கு வரப்பு கட்டினார் அத்தை. தீப்பெட்டியில் வீடு, பாட்டில் மூடியில் கிணறு, தேங்காய் நாரில் வைக்கோல் போர். "திண்ணை இந்தப் பக்கம்டி. உங்க தாத்தா இங்கேதான் உட்காருவார்" என்று பேத்திக்குச் சொல்லும்போதுதான், அவர் எந்த வீட்டைக் கட்டுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கொலுவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கிராமத்தைக் காட்டியது அத்தைதான்.

இப்போது பால்கனிக் கம்பியில் கற்பூரவல்லி, புதினா, மணி பிளான்ட் எல்லாம் தொங்குகின்றன. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இரண்டு வார்த்தை. மணி பிளான்ட், டிஃபன்பாக்கியா இலைகளைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறையாவது கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் ஆடி பிறந்ததுமே அத்தை கேழ்வரகு வாங்கி வைக்கச் சொல்லிவிட்டார். மாட்டுத் தொழுவத்துக்கு இன்னொரு தீப்பெட்டியும் வேண்டுமாம்!