ஆறு படிகளும் ஒரு அப்பாவும்

கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ஊரையே வரச்சொல்லி அழைப்பவர் அவர்தான். ஆனால் முகூர்த்த நேரத்தில் மேடையில் நின்று மகளைத் தாரை வார்த்துக் கொடுப்பவர் சித்தப்பா. பெற்றவரோ கீழே முதல் வரிசையின் ஓரத்தில், சக்கர நாற்காலியில். கெட்டிமேளம் கேட்டதும் அவரும் அட்சதையை எறிகிறார். அது மேடை வரை போய்ச் சேர்வதுகூட இல்லை...

இந்தக் காட்சியைப் பார்த்து யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. "பாவம், அவருக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்ற ஒரே வரியில் விஷயம் முடிந்துவிடும். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அன்போடுதான் சொல்கிறார்கள். அதனாலேயே அந்த அப்பாவால் கோபப்படவும் முடிவதில்லை. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. "உங்களுக்கு மேடைக்கு வரணுமா?" என்று அவரிடம் யாராவது கேட்டார்களா?

இது ஏதோ அபூர்வமான குடும்பங்களின் பிரச்சினையும் இல்லை. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸின் பாதிப்பு கடைசியாகக் கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில்தான் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிறு வயதில் போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர்கள் இன்று பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் வயதில் இருக்கிறார்கள். விபத்து, பக்கவாதம், சர்க்கரை நோயால் காலை இழந்தவர்களையும் சேர்த்துக்கொண்டால், நம் ஒவ்வொருவரின் சொந்தத்திலும் இப்படி ஒரு அப்பாவோ அம்மாவோ இருப்பார்.

முதல் தடை கட்டிடம். மண்டபம் பார்க்கப் போகும்போது ஏசி உண்டா, ஜெனரேட்டர் உண்டா, எத்தனை கார் நிறுத்தலாம், பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எல்லாம் கேட்கிறோம். மேடைக்கு எத்தனை படி என்று மட்டும் கேட்பதில்லை. மூன்றடி உயர மேடை என்றால் ஆறு படி இருக்கும். சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்திலோ மாடியிலோ இருந்தால் அதற்குத் தனியாகப் படிகள். கழிவறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்பது இன்னொரு கவலை.

"ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டால் போச்சு" என்பார்கள். அவ்வளவு எளிதில்லை. சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்றடி மேடைக்கு முப்பத்தாறு அடி வேண்டும்! குட்டிப் பலகையைச் செங்குத்தாகச் சாய்த்தால் நாற்காலி பின்னால் கவிழும். அப்புறம் என்ன, "நாலு பேர் பிடிங்கப்பா, தூக்கிடலாம்" என்பார்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டு போவது எதற்கு என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மகளின் கல்யாணத்தன்று, அத்தனை பேர் பார்க்க, அப்படிப் போக எந்த அப்பாவுக்கு மனசு வரும்?

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அவரை மேலே தூக்குவதற்குப் பதில் மணவறையைக் கீழே இறக்கலாம். அலங்காரக்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் தரையிலேயே, அல்லது அரை அடிப் பலகைமேல், மணவறை போட்டுவிடுவார். அரை அடிக்கு ஆறு அடிச் சாய்தளம் போதும். பின் வரிசைக்குத் தெரியாதே என்றால், இப்போது பல கல்யாணங்களில் பெரிய திரை வைத்துத்தான் காட்டுகிறார்கள்.

இரண்டாவது தடை மனசில் இருக்கிறது. "அங்கக் குறை உள்ளவர் சடங்கு செய்யலாமா?" என்று யாராவது ஒரு பெரியவர் மெல்லக் கேட்பார். கணவனை இழந்த தாயைத் தூணுக்குப் பின்னால் நிறுத்துவதும் இதே மனசுதான். சட்டம் இப்படி எதையும் கேட்கவில்லை. இந்துத் திருமணச் சட்டம் அவரவர் வழக்கப்படி செய்யலாம் என்கிறது. தமிழ்நாடு 1967-ல் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாத அப்பாவால் எந்தக் கல்யாணமும் செல்லாமல் போனதில்லை. முட்டி வலி என்று தாத்தாவுக்கு மேடையில் நாற்காலி போடுகிறோமே, அப்போது எந்தச் சாஸ்திரமும் குறுக்கே வருவதில்லையே!

சக்கர நாற்காலி மட்டுமே ஊனம் என்று நினைக்கவும் வேண்டாம். பார்வையில்லாத அம்மா என்றால், தாலித் தட்டு ஆசி வாங்கச் சுற்றி வரும்போது அவர் கையில் கொஞ்ச நேரம் கொடுங்கள். தடவிப் பார்க்கட்டும். மேடையில் நடப்பதை ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லட்டும். காது கேளாத அப்பா என்றால், கெட்டிமேளம் அவருக்குக் கேட்காது. அந்த நொடியில் தோளைத் தொட்டுச் சொல்ல ஒரு ஆள் போதும். இதற்கெல்லாம் செலவு என்ன? ஒன்றுமில்லை.

மண்டபக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டிடங்களையும் பொதுக் கட்டிடம் என்றே சொல்கிறது. 2017-ல் விதிகள் வந்தன. ஏற்கெனவே உள்ள கட்டிடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. அணுகல் வசதியை வெறும் பரிந்துரையாக விட முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் மண்டபக்காரர் தானாகவே மாற்றுவார் என்று காத்திருந்தால் கல்யாணம் முடிந்துவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் "சாய்தளம் இருக்கா?" என்று கேட்டாலே போதும். நாலு வாடிக்கை கைநழுவினால் சிமென்ட் மூட்டை தானாக வந்து இறங்கும்.

சில அப்பாக்கள் நிஜமாகவே மேடைக்கு வர விரும்பாமல் இருக்கலாம். கூட்டமும் கேமராவும் பிடிக்காமல் போகலாம். அது அவர் முடிவு, அதையும் மதிக்க வேண்டும். ஆனால் முடிவு அவருடையதாக இருக்கவேண்டும். படிக்கட்டும் சித்தப்பாவும் சேர்ந்து எடுத்த முடிவாக இருக்கக்கூடாது.

இதைக் கேட்க வேண்டிய முதல் ஆள் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும்தான். புடவைக்கு நிறம் தேர்ந்தெடுக்கவும் போட்டோகிராபரைப் பிடிக்கவும் மாதக்கணக்கில் அலைகிறவர்கள், "அப்பா, நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?" என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேட்கலாம். அவர் சொல்லும் பதிலை வைத்து மண்டபத்தைத் தேடுங்கள். மண்டபத்தைப் பிடித்துவிட்டு அப்பாவுக்கு இடம் தேடாதீர்கள்.