அளவுகோலும் எல்லைக்கல்லும்

1794-ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்ததே கிண்டிப் பொறியியற் கல்லூரி. பலர் அளந்த நிலங்கள் ஒரே வரைபடத்திற் பொருந்துதற்குப் பொது அளவுகோல் வேண்டும். அவரவர் உரிமையைக் காக்க எல்லைக்கல்லும் வேண்டும். சிறார் பயிலும் கணினிச் செயலிகளுக்கும் இவ்விரண்டும் இன்றியமையாதன.

ஒரு செயலியில் எழுத்துகளைக் கற்றுத் தேர்ந்த குழந்தை, மற்றொன்றில் மீண்டும் அகரத்திலிருந்து தொடங்குவது வீணன்றோ? ஆதலின், கற்ற அளவைச் செயலிகள் பொதுமுறையிற் பகிர்ந்துகொள்ளுதல் நன்றே. ஆயினும், குழந்தையின் முகவரியையும் விருப்பு வெறுப்புகளையும் உடன் அனுப்புதல் எல்லை கடத்தலாகும். 18 வயது நிரம்பாதாரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. நாமோ, படித்துப் பாராமலே விரலால் தொட்டு ஒப்புதல் அளித்துவிடுகிறோம்!

கல்வி, கொடுக்கக் குறையாது. குழந்தையைப் பற்றிய செய்தியோ, கைமாறியபின் மீளாது. இவ்வேறுபாட்டை உணர்ந்து பகிர்தலே அறிவுடைமை.