பூ இருக்கு, காய் இல்லை... வெயிலில் தக்காளிச் செடிக்கு என்னதான் ஆகுது?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு தமிழக அரசே விற்றது. மழை, வைரஸ் நோய், அதற்கு முந்தைய கோடை வெயில் எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. மழையும் நோயும் புரியுது. வெயிலுக்கும் தக்காளிக்கும் என்ன பிரச்னை?

செடி சாகாது, காய் பிடிக்காது

தண்ணீர் கிடைத்தால் கோடையிலும் தக்காளிச் செடி பச்சையாகத்தான் நிற்கும். பூவும் பூக்கும். ஆனா அந்தப் பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். காரணம், மகரந்தம்.

பூ விரிவதற்கு சுமார் 8 முதல் 13 நாட்களுக்கு முன்பு, மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும். அந்த நேரத்தில் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸை நெருங்கினால், மகரந்தம் வீரியம் இழக்கிறது. அதாவது, இன்றைய வெயிலின் பாதிப்பு இரண்டு வாரம் கழித்துத்தான் தோட்டத்தில் தெரியும்.

இரவுச் சூடும் வில்லன்தான். இரவில் 20 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். நம்ம ஊர் கோடை இரவுகள் பல இடங்களில் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. தப்பிப் பிடித்த காய்க்கும் சிக்கல் உண்டு. 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் சரியாக உருவாகாது. பழம் மஞ்சள் பாய்ந்து நிற்கும்.

புது ரகம் கொண்டு வர முடியாதா?

முயற்சி புதிதல்ல. தைவானில் உள்ள உலக காய்கறி மையம் 1970-களிலேயே 4,000-க்கும் மேற்பட்ட தக்காளி வகைகளைச் சோதித்தது. வெயிலில் நன்றாகக் காய் பிடித்தவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அவற்றிலும் பலவற்றின் பழம் சிறியது.

வெப்பம் தாங்கும் குணம் ஒரே மரபணுவில் இல்லை, பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பது. அதனால் ரகங்களைக் கலப்பு செய்யும்போது ஒன்று வந்தால் இன்னொன்று போகும். வெயில் தாங்கினால் மட்டும் போதாது. பழம் பெரிசா இருக்கணும், லாரியில் நசுங்கக் கூடாது, இலைச்சுருட்டு வைரஸையும் தாங்கணும். ஆனாலும் வழி அடைபடவில்லை. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பூசா சதாபஹார்' ரகம், வெயில், குளிர் இரண்டிலும் காய் பிடிப்பதற்காக உருவாக்கப்பட்டது. தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளி இனங்களிலும் விஞ்ஞானிகள் இந்தக் குணத்தைத் தேடி வருகின்றனர்.

விவசாயிக்கு என்ன லாபம்?

'வெயில் தாங்கும் ரகம்' என்றால் கோடையிலும் முழு மகசூல் என்று அர்த்தமில்லை. ஒன்றுமே கிடைக்காத இடத்தில் ஓரளவு கிடைக்கும், அவ்வளவுதான். மொட்டு விடும் காலம் உச்ச வெயிலில் வராதபடி நடவு செய்வதும், நிழல்வலையும் அதற்குத் துணை.

விலை ஏறும்போது பல விவசாயிகள் கையில் காய் இல்லை, காய் குவியும்போது விலை இல்லை. அந்த 'ஓரளவு' காய், ஏறிய விலைக்குப் போனால் போட்ட முதலாவது கைக்கு வரும். சந்தைக்குக் கூடுதலாக வரும் அந்தக் காய்தான் நம்ம வீட்டு சாம்பாரின் செலவையும் கொஞ்சம் குறைக்கும்.