பால்கனி போட்ருவமா மாமா?

இந்த வாரம் என்னை எரிச்சல்படுத்தியது ஒரு கப்பலின் வரைபடம். தளம் தளமாகப் பிரித்துப் பரப்பிய கப்பல், நெடுகக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு நிறம், ஒரு எண், ஒரு விலை. சிலமலையிலிருந்து தங்கச்சி மகன் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் போனிலும் வந்துவிட்டான். "எந்த ரூம் போடலாம், சட்டுனு சொல்லுங்க மாமா. இன்னும் ரெண்டே ரெண்டு பால்கனிதான் இருக்காம். போட்ருவமா?"

என்னிடம் ஏன் கேட்கிறான் என்று இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரயிலின் சைடு லோயர் பெர்த்தைப் பற்றி எழுதித் தள்ளியதன் பலன் இது. குடும்பத்தில் யார் எங்கே படுப்பது என்றாலும் என் தலையில்தான் விடிகிறது. கல்யாண மண்டபத்தில் எந்த ரூம் எடுக்கலாம் என்றுகூடக் கேட்கிறார்கள்.

மாசி பிறந்துவிட்டது. ஏலக்காட்டில் பழமெடுப்பு ஓய்ந்துவிட்டது. கையில் காசு இருக்கிறது. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் சென்னையில் கப்பலேற வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நியாயமான ஆசைதான். 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கார்டேலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை டிவியில் பார்த்த நாளிலிருந்து தேனி மாவட்டத்தில் பாதிப் பேருக்கு இந்த ஆசை உண்டு. அடுத்த ஆண்டு ஜூனில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. போட்டோ போடாத சொந்தக்காரர் பாக்கி இல்லை.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இன்னும் நாலு பேருக்குப் பயன்படும். கப்பலில் அறை பொதுவாக நாலு ரகம். உள் அறைக்குச் சன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் விடிந்ததா இல்லையா என்று கடிகாரம்தான் சொல்ல வேண்டும். அடுத்தது கடல் பார்த்த சன்னல் அறை. அதற்கு மேல் பால்கனி. அதற்கும் மேல் சூட், அது நமக்கு வேண்டாம். 'எம்ப்ரஸ்' 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கடலில் இறங்கிய கப்பல். கப்பல் உலகத்தில் பால்கனி மோகம் பரவுவதற்கு முந்தைய காலத்துப் பிறப்பு. பால்கனி அறைகள் அதில் கொஞ்சம்தான். ஆகவே "இன்னும் ரெண்டே ரெண்டு" என்பதைக் கேட்டுப் பதறத் தேவையில்லை. அந்தக் கப்பலில் அது எப்போதும் குறைச்சல்தான்.

காசு கூடக் கொடுத்தால் வசதி கூடும் என்று நினைக்கிறோம். ஆட்டத்தைப் பொறுத்தவரை நேர்மாறு. அலை கப்பலைத் தூக்கிப் போடும்போது முன்முனையும் பின்முனையும்தான் ஏறி இறங்குகின்றன, நடுப்பகுதி அவ்வளவாக அசைவதில்லை. பக்கவாட்டில் சாயும்போது மேல்தளம் ஆடுகிற அளவு கீழ்த்தளம் ஆடாது. ஆகவே வயிற்றைப் புரட்டக் கூடாது என்றால் நடுவிலே, கீழே. விலை அதிகமான அறைகள் பெரும்பாலும் உச்சியில் இருக்கும், நடுவில் கீழே இருக்கிற மலிவான உள் அறைதான் அசையாமல் கிடக்கும். இன்னும் கொஞ்சம்: நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே போடாதே, விடியுமுன் நாற்காலி இழுக்கிற சத்தம் தலைமேல் கேட்கும். நாடகம் ஆடும் கூடத்துக்கு மேலேயும் வேண்டாம். சன்னல் அறை என்றால், உயிர்காப்புப் படகு எதிரே தொங்கிக் கடலை மறைக்கிறதா என்று கேட்டுக்கொள். "அறையை நாங்களே ஒதுக்குவோம்" என்று விலை குறைத்துக் கொடுத்தால், அவர்களுக்கு விற்காத அறை உனக்கு வரும் என்று அர்த்தம். போட்ட விலைக்கு மேல் துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, பணியாளர் அன்பளிப்பு என்று ஏறும். மொத்தத்தைக் கேட்டுவிட்டுப் பேசு. இலங்கை என்றால் வீட்டில் எல்லாருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடா பக்கம் தலைவைத்துப் படுக்காதே, அது புயல் மாதம். இந்த ஊர், அந்த ஊர் என்று அச்சடித்துக் கொடுப்பதையும் முழுசாக நம்பாதே. 2022-ல் புதுச்சேரி அரசு அனுமதி தராததால் அந்த ஊரில் கால்வைக்காமலே கப்பல் திரும்பியது.

இவ்வளவும் சொன்ன பிறகு அவன் கேட்டான்: "என்னிக்கு கிளம்பலாம் மாமா?" அங்கேதான் எனக்குச் சூடேறியது. கப்பலுக்கு நாள் குறிக்க நாம் யார்? போடி ரயில்தான் குறிக்க வேண்டும். மதுரை–போடி தண்டவாளத்தை 1928-ல் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதையாக்குகிறோம் என்று நிறுத்தினார்கள். தேனி வரை வர 2022 மே ஆயிற்று. போடிக்குச் சென்னை ரயில் வந்தது 2023 ஜூன் 15-ல், அதுவும் வாரத்துக்கு மூன்று நாள் என்று. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தண்டவாளத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ஊருக்கு மூன்று நாள் கணக்கு! இதை நான் பலமுறை எழுதியாயிற்று, வாசகர்களுக்குப் புளித்திருக்கும், எனக்குப் புளிக்கவில்லை. கப்பல் உனக்காகக் காத்திருக்காது, ஆகவே ஒரு நாள் முன்னதாகவே சென்னையில் இரு என்று சொன்னேன்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. சென்னைக்கு ஏன் போக வேண்டும்? போடியிலிருந்து கொச்சி, சென்னைத் தொலைவில் பாதிகூட இல்லை. கொச்சியிலிருந்து போடிமெட்டு இறங்கி, மதுரை வழியாகத் தொண்டிக் கடற்கரை வரை போகிறது 85-ஆம் எண் நெடுஞ்சாலை. கடலுக்கும் கடலுக்கும் நடுவில் நம் ஊர் உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் கடலைப் பார்க்காத மலைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடல் என்று வந்துவிட்டால் சிங்காரம் வராமல் எப்படி? மூன்று மாதம் ப. சிங்காரத்தின் பெயரை எடுக்காமல் எழுதிக் காட்டுங்கள் என்று கம்பத்திலிருந்து ஒரு வாசகர் சவால் விட்டிருந்தார். சவால் இத்தோடு முடிந்தது. 'புயலிலே ஒரு தோணி'யை 1962 வாக்கில் எழுதி, பதிப்பிக்க ஆளில்லாமல் வைத்திருந்து, 1972-ல்தான் புத்தகமாகப் பார்த்தார் மனிதர். சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதில் மேடானுக்கு வேலைக்குப் போய், போர் முடிந்து 1946-ல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு ஒய்எம்சிஏ அறையிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவர் கதாநாயகன் பாண்டியன் பினாங்குக்குப் போவது தொங்கான் என்ற சரக்குத் தோணியில், சரக்கோடு சரக்காக. புயல் அடிக்கிற அந்த அத்தியாயத்தை நான் எத்தனை முறை படித்தாலும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்கிறேன். தமிழில் கடலை அப்படி எழுதியவர் வேறு யாரும் இல்லை என்பது என் கட்சி. அதில் யாரும் அறை தேர்ந்தெடுப்பதில்லை. கிடைத்த கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதுதான் அறை.

அது நாவல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். 'ரஜுலா' நாவல் இல்லை. 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஓடியது. தொடக்கத்தில் மேல்தளப் பயணிகள் மட்டுமே ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. தளத்தில் பாயை விரித்து, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்தால் அதுதான் உன் எல்லை. மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர்ச் சனங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் போனதும், போனவர்களில் கொஞ்சம் பேர் திரும்பியதும் அப்படித்தான். பின்னால் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது, சென்னை–சிங்கப்பூர்ப் பயணிகள் கப்பலும் அத்தோடு போயிற்று. மேல்தள டிக்கெட்டின் பேரப்பிள்ளை இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகிற 'நான்கவுரி' மாதிரியான அரசுக் கப்பல்களில் பங்க் வகுப்பு உண்டு. பெரிய கூடம், அடுக்கடுக்காகப் படுக்கை, மூன்று நாள் பயணம். வேலைக்காகக் கடல் தாண்டுகிறவர்கள் அதில் போகிறார்கள். அவர்கள் யாரும் வரைபடம் பார்த்துக் கட்டம் தேர்ந்தெடுத்துப் போகிறவர்கள் அல்ல.

இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் சிலமலை முக்கில் விடியற்காலையில் பார்க்கிற ஜீப் நினைவுக்கு வந்தது.

ஐந்து மணி இருட்டு. போடி–தேவாரம் ரோட்டில் டீக்கடை வெளிச்சம் மட்டும். பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டி, தூக்குவாளியும் பிளாஸ்டிக் சீட்டுமாக நிற்பார்கள். ஏலக்காட்டு ஜீப் வந்து நின்றதும் ஓடிப்போய் இடம் பிடிக்கிற கதை அங்கே கிடையாது. எல்லாம் பேசாமலே நடக்கும். புதுசாக வேலைக்கு வந்த பிள்ளையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பெஞ்சின் உள்முனையில் தள்ளுவார்கள். மாசமாக இருக்கிறவளும் அங்கேதான். முழங்கால் வலிக்காரக் கிழவிக்குக் கதவோரம், இறங்க லேசு. வருஷக்கணக்காகப் போய்ப் பழகியவர்கள் மிச்ச இடத்தில் நெருக்கி உட்காருவார்கள். பின்படியில் தொத்திக்கொண்டு வருவது இளவட்டம். பத்துப் பேருக்கான வண்டியில் இருபது பேர்.

முந்தல் தாண்டினால் ஏற்றம். போடிமெட்டு போய்ச் சேர 17 கொண்டை ஊசி வளைவு. பெஞ்சு பக்கவாட்டில் இருப்பதால் வளைவுக்கு வளைவு உடம்பு ஒரு பக்கம் போகும், குடல் ஒரு பக்கம் போகும். அதற்கு அவர்களிடம் ஒரு சாஸ்திரமே இருக்கிறது. கிளம்புமுன் வயிறு முட்டத் தின்னாதே, வெறும் வயிற்றோடும் வராதே. மடியில் எலுமிச்சம்பழம். கடைவாயில் உப்பு நார்த்தங்காய். நாலாவது வளைவில் ஒரு பிள்ளை முகம் வெளுத்துக் குனிந்தால், பக்கத்தில் இருக்கிற அத்தை தாடையைப் பிடித்து நிமிர்த்துவாள். "கீழ பாக்காத புள்ள. அந்தா, தூரத்து மலையவே பாத்துக்கிட்டு வா." கப்பல் டாக்டரும் இதையேதான் சொல்வார்: அடிவானத்தைப் பார். நடுவிலே உட்கார், ஆட்டத்துக்குப் பக்கமாக இருக்காதே, கண்ணைத் தூரத்தில் நிறுத்து. நான் மேலே ஒரு பத்தி முழுக்க அளந்த ஞானம் அத்தனையும் அந்த ஜீப்பில் தினம் போய் வருகிறது.

வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் தங்களுக்கு நல்ல இடம் தேடுவதில்லை. கெட்ட இடத்தை யார் தாங்குவார்கள் என்று பார்த்துப் பங்கு வைக்கிறார்கள். இருபது பேர் ஏறுகிற வண்டியில் அதற்கு மேல் யாரும் செய்ய முடியாது. இதை நான் அவர்களுடைய பெருந்தன்மை என்று எழுதி உச்சி குளிரப் போவதில்லை. அந்தச் சாமர்த்தியம் அவர்களுக்குத் தேவைப்படுவதே, இன்னொரு ஜீப் விட முதலாளிக்கு மனசு வராததால்தான். மலையில் ஜீப் உருண்டது என்று செய்தி வருகிற அன்று செக்போஸ்டில் எண்ணுவார்கள். அடுத்த வாரம் எண்ணிக்கை மறந்துவிடும்.

இன்னொரு சங்கதி சொல்லாமல் விட்டேன். நான் பார்க்கிற அந்த ஜீப் தங்கச்சி மகனுடையது.

திரும்பக் கூப்பிட்டேன். "மாப்ள, நடுவுல, கீழ்த்தளத்துல உள் ரூம் போடு. பால்கனிக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தக் கையில வச்சுக்க. அத முன்பணமாக் கட்டி இன்னொரு ஜீப் எடு. டிரிப்புக்குப் பத்துப் பேரா விடு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கப்பலப் பத்திக் கேட்டா ஜீப்பப் பத்திப் பேசுறீங்களே மாமா. டீசல் என்ன விலை விக்கிது, ஏலக்கா அடுத்த வருசம் என்ன விலைக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்?"

"இந்த வருச விலையிலதான கப்பலுக்குப் போற?" என்றேன். வைத்துவிட்டான்.

பால்கனியே போட்டுவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள். போடட்டும், அவன் உழைத்த காசு, பிள்ளைகள் கடலைப் பார்க்கட்டும். குமட்டினால் எங்கே பார்க்க வேண்டும் என்று அவன் என்னைக் கேட்க வேண்டியதில்லை, அவன் ஜீப்பில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆடியில் அடுத்த பழமெடுப்பு. அதற்குள் இரண்டாவது ஜீப் வந்ததா இல்லையா என்று இந்தப் பத்தியில் எழுதுவேன். சிலமலையில் இதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.